தமிழ் உரையை எஸ்3-இல் ஏற்றும்போது

பைத்தானில் எழுதிய ஸ்கிரிப்டிலிருந்து, அமேசானின் இணையவழிக் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-க்கு ஒரு கோப்பை ஏற்ற மூன்று வரிகள் போதும். அமேசான் சேவைகளைப் பைத்தானிலிருந்து பயன்படுத்த உதவும் போட்டோ3 (boto3) நூலகத்தை இறக்குமதி செய்து, எஸ்3-உடன் பேசும் கிளையன்ட் ஒன்றை உருவாக்கி, 'அப்லோடு ஃபைல்' செயற்கூற்றிடம் கோப்பின் பாதை, பக்கெட்டின் பெயர், கீ ஆகியவற்றை இதே வரிசையில் கொடுங்கள். பக்கெட் என்பது எஸ்3-இல் கோப்புகளை வைக்கும் கொள்கலன்; கீ என்பது அதற்குள் அந்தக் கோப்புக்கு நாம் வைக்கும் பெயர்.

தட்டச்சு செய்த நாட்டுப்புறக் கதைகளை நான் முதலில் ஏற்றியபோது பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. மறுநாள் பிரவுசரில் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, வரிவரியாகக் குப்பைக் குறிகள். மாதக்கணக்கான உழைப்பு போய்விட்டதென்று பதறிப்போனேன். உண்மையில் ஒரு பைட்டும் கெடவில்லை. உள்ளடக்க வகையை 'டெக்ஸ்ட்/பிளெயின்' என்று மட்டும் குறிப்பிட்டு, எழுத்துகள் எந்த முறையில் பைட்டுகளாக்கப்பட்டுள்ளன என்று சொல்லும் 'சார்செட்=யூடிஎஃப்-8' என்பதைச் சேர்க்காமல் விட்டிருந்தேன். இரண்டையும் அரைப்புள்ளியிட்டு ஒன்றாக எழுதி, 'அப்லோடு ஃபைல்' ஏற்கும் 'எக்ஸ்ட்ரா ஆர்க்ஸ்' என்ற கூடுதல் அளவுரு வழியாக அனுப்ப வேண்டும். வகையே குறிப்பிடாவிட்டால் எஸ்3 அதை வெறும் பைனரியாகவே பதிந்துகொள்ளும்.

உரை நினைவகத்தில் இருந்தால் கோப்பாக எழுதத் தேவையில்லை. யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றி 'புட் ஆப்ஜெக்ட்' மூலம் அனுப்பலாம். கோப்பாக எழுதுவதானால், திறக்கும் இடத்திலேயே என்கோடிங்கைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், விண்டோஸில் பைத்தான் யூடிஎஃப்-8 அல்லாத வேறொன்றை எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஏற்றியபின் சரிபார்க்காமல் நகராதீர்கள். ஏற்றிய கோப்பின் விவரங்களை மட்டும் கேட்டு வாங்கும் 'ஹெட் ஆப்ஜெக்ட்' தரும் அளவை உங்களிடம் உள்ள பைட்டுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். எழுத்துகளை எண்ணினால் கணக்கு உதைக்கும். 'தமிழ்' என்ற சொல் பார்வைக்கு மூன்றெழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 15 பைட்டுகள். கீயின் நீளமும் பைட்டில்தான்: உச்சவரம்பு 1024. தமிழிலேயே கீ வைத்தால் சுமார் 340 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும்.

உங்கள் அமேசான் கணக்கில் நுழைய உதவும் அணுகல் சாவிகளை ஸ்கிரிப்டுக்குள் எழுதவே வேண்டாம். ஸ்கிரிப்டுக்கு வெளியே இயங்குதளம் வைத்திருக்கும் சூழல் மாறிகளில் வையுங்கள், போட்டோ3 தானே எடுத்துக்கொள்ளும். அந்தச் சாவிக்கு ஒரே ஒரு பக்கெட்டில் எழுதவும் படிக்கவும் மட்டும் அனுமதி கொடுங்கள். படிக்கும் அனுமதி இல்லாவிட்டால் 'ஹெட் ஆப்ஜெக்ட்' மறுக்கப்படும்.

கடைசியாக, கோப்பின் பழைய பதிப்புகளையும் காத்துவைக்கும் வெர்ஷனிங்கைப் பக்கெட்டில் இயக்கிவிடுங்கள். அது இல்லாத பக்கெட்டில் அதே கீயில் மறுபடி ஏற்றினால், எஸ்3 எதுவும் கேட்காமல் பழைய கோப்பை மாற்றிவிடும். இதை அறியாமல் திருத்திய கதை ஒன்றின் மேல் திருத்தாத பிரதியை ஏற்றிவிட்டேன். அந்தத் திருத்தங்கள் திரும்பக் கிடைக்கவேயில்லை.