கார்பென்டசிம் தெளிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலையில் வெண்மையாக எதைக் கண்டாலும் கார்பென்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியை வாங்கித் தெளிக்கும் புதியவர்களை ஒவ்வொரு மழைப்பருவத்திலும் பார்க்கிறேன். அளவு, முகக்கவசம் போன்றவற்றை மருந்துப் பொட்டலமே சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ட்ரைக்கோடெர்மாவுடன் கலப்பது

நோய்ப் பூஞ்சாணங்களை அடக்க நாம் இடும் ட்ரைக்கோடெர்மாவும் பூஞ்சாணமே, கார்பென்டசிம் பட்டால் அதுவும் மடியும்.

அடிச்சாம்பல் நோய்க்குத் தெளிப்பது

பூஞ்சாணத்தின் செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்பவை நுண்குழல்கள். அவற்றைக் கட்டும் பீட்டா டியூபுலின் புரதத்தில் கார்பென்டசிம் ஒட்டிக்கொள்வதால் குழல்கள் உருவாவதில்லை. செல் பிரியாமல் இழையின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. திராட்சையின் சாம்பல் நோய் இதனால்தான் கட்டுப்படுகிறது. ஆனால் அடிச்சாம்பல் நோயை உண்டாக்கும் பிளாஸ்மோபாரா விட்டிகோலா உண்மையான பூஞ்சாணம் அன்று. பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கிய ஊமைசீட் வகையைச் சேர்ந்த அதன் டியூபுலினை இம்மருந்து பாதிப்பதில்லை. எவ்வளவு தெளித்தாலும் அது பரவிக்கொண்டே இருக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பன்னீர் திராட்சைப் பந்தலில், இலையின் மேல்புறம் எண்ணெய் பட்டது போன்ற மஞ்சள் திட்டுகளும் அவற்றுக்கு நேர் கீழே வெண்ணிற வளர்ச்சியும் தெளிவாகத் தெரிந்தபோதும், தோட்டக்காரர் கார்பென்டசிம்மையே தெளித்தார். பலன் இல்லாததால் அளவைக் கூட்டி மறுபடியும் தெளித்தார். பூங்கொத்துகள் கருகி உதிர்ந்த பிறகுதான் என்னை அழைத்தார். அந்தப் பருவத்தின் வருமானமே போய்விட்டது. இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்காமல் மருந்தைக் கொடுத்தனுப்பும் வழக்கத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. சாம்பல் நோயின் பொடி மேற்புறத்திலும் படியும், விரலால் துடைத்தால் வந்துவிடும். அடிச்சாம்பல் நோயின் வளர்ச்சி இலையின் அடியில்தான் இருக்கும். பின்னதற்கு, ஆர்.என்.ஏ. உருவாக்கத்தைத் தடுக்கும் மெட்டலாக்சிலும் மேங்கோசெப்பும் சேர்ந்த கலவை போன்ற மருந்துகளே பொருந்தும். நீலகிரி உருளைக்கிழங்கின் பின்கருகல், மிளகின் விரைவு வாடல், இஞ்சியின் மென்அழுகல் ஆகியவற்றுக்குக் காரணமானவையும் ஊமைசீட்டுகளே என்பதால் அங்கும் கார்பென்டசிம் வீண்செலவு.

நோய் முற்றிய பின் தெளிப்பது

காய்ந்த இலை பச்சையாகாது.

இதையே திரும்பத் திரும்பத் தெளிப்பது

கார்பென்டசிம் தாக்குவது பீட்டா டியூபுலின் என்ற ஒரே ஒரு புரதத்தை. அதன் அமினோ அமில வரிசையின் 198ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் அலனைன் வந்துவிட்டால் போதும், மருந்து ஒட்டாது. அப்படி மாறிய பூஞ்சாணம் ஒவ்வொரு தெளிப்பிலும் தப்பிப் பெருகும். செல்லின் பல இடங்களைத் தாக்கும் மேங்கோசெப்பை மாற்றி மாற்றித் தெளிப்பதன் காரணம் அதுவே.