சித்திரை மாலையில் மாசி வீதிகளில் உண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரைத் திருவிழா நாட்களில் மதுரையின் மாசி வீதிகளுக்கு மாலையில் உண்ணப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, வீட்டிலிருந்தே தாகத்தோடு கிளம்புவதுதான். பகலெல்லாம் வெயில் காய்ந்த சுவர்களும் சாலையும் இருட்டிய பிறகும் அனலைக் கக்கிக்கொண்டே இருப்பதால், தெருவில் கால் வைத்த சிறிது நேரத்தில் நாக்கு வறண்டுவிடுகிறது. கண்ணில் படும் முதல் சர்பத் வண்டியின் முன் நின்றுவிடுகிறோம், அதில் போடும் ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை. வீட்டிலேயே இரண்டு டம்ளர் நீர்மோர் குடித்துவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினால், தெருவில் எதை அருந்துவது என்பதை நிதானமாக முடிவு செய்யலாம்.

ஐஸைப் பற்றி விரிவாகச் சொல்வதற்குக் காரணம், கோடை மாலையில் வயிற்றைக் கெடுப்பதில் எண்ணெய்ப் பலகாரங்களைவிட அதற்கே பங்கு அதிகம் என்று நான் கருதுவதுதான். தண்ணீர் உறைந்துவிட்டால் அதிலிருந்த கிருமிகள் எல்லாம் இறந்துவிடும் என்ற நம்பிக்கை தவறானது. மீன் முதலியவற்றைக் கெடாமல் வைப்பதற்கென்று தயாராகும் ஐஸ் உண்பதற்கு உரியதன்று. அதைப் பார்த்தவுடன் அடையாளம் காண நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூன் முதல் நடைமுறைப்படுத்தியது. நீலம் தெரிந்தால் விலகிவிட வேண்டும் என்பது எளிது. ஆனால் வெள்ளையாக இருப்பதாலேயே அது நல்லது என்று ஆகிவிடாது. சாக்கில் சுற்றித் தரையில் கிடத்திய பாளத்தை உடைத்து டம்ளரில் போடும் கடையை எவ்வளவு தாகமானாலும் கடந்து செல்லுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காள் மகனுக்கு அப்படிப்பட்ட எலுமிச்சை சர்பத்தை நானே வாங்கிக் கொடுத்தேன். மூன்று நாட்கள் அந்தப் பிள்ளை பட்ட பாட்டை இன்றும் மறக்க முடியவில்லை.

ஜிகர்தண்டா குடிக்காமல் மதுரை மாலை நிறையாது என்பது உண்மைதான். சுண்டக் காய்ச்சிய பாலின் பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் வைத்துக் குளிர்விக்கும் கடையையும், பாலிலேயே ஐஸை உடைத்துப் போடும் கடையையும் ஒன்றாக எண்ணுவதுதான் தவறு. சூடாக எதுவும் வேண்டாம் என்று பருத்திப்பாலை ஒதுக்குவதையும் தவறென்றே சொல்வேன். கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்து அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருக்கும் அது, அந்தத் தெருவில் அச்சமின்றிக் குடிக்கக்கூடியவற்றுள் ஒன்று.

உணவிலும் இதே கணக்குத்தான். ஏறத்தாழ 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆகவே கல்லிலிருந்து நேராக இலைக்கு வரும் கறிதோசையையும் பணியாரத்தையும் நம்பலாம். வாளியில் மாலையிலிருந்து காத்திருக்கும் தேங்காய்ச் சட்னியை நம்பக் கூடாது. பலர் பலகாரத்தைப் பார்த்து வாங்குகிறார்கள், சட்னியைப் பார்ப்பதில்லை. முன்பே வெட்டி வைத்த தர்பூசணியும் அப்படியே. கண்முன் வெட்டித் தரச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

கண்ணைப் பறிக்கும் சிவப்பில் இருக்கும் காலிபிளவர் வறுவலைப் பிள்ளைகளுக்கு வாங்காதீர்கள். பஞ்சுமிட்டாயில் ரோடமைன் பி என்னும், உணவில் சேர்க்கக் கூடாத சாயம் கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடைசெய்ததை நினைவில் கொள்ள வேண்டும். பஜ்ஜியையும் வடையையும் செய்தித்தாளில் வாங்குவதும் வேண்டாம், மை எண்ணெயில் ஊறி உணவில் இறங்கும். வாழையிலையோ மந்தார இலையோ கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் மறுப்பதில்லை.

அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண வைகைக் கரையில் இரவு தங்குகிறவர்கள், மாலையில் கிடைத்த பொட்டலங்களையெல்லாம் விடியலுக்கென்று சேர்த்து வைப்பது வழக்கம். அன்போடு கொடுத்த அன்னத்தை வீணாக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் பொங்கலையும் சாம்பார் சாதத்தையும் வாங்கிய சூட்டோடு பக்கத்தில் இருப்பவர்களோடு பகிர்ந்து உண்டுவிட வேண்டும். புளியும் நல்லெண்ணெயும் தாராளமாகச் சேர்ந்த புளியோதரையை மட்டும் இலையில் கட்டி வைத்துக்கொள்ளலாம்.