கணக்கு அலுவலகத்தை வளர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்கள் நடத்தும் சிறிய கணக்கு அலுவலகங்கள் பல உண்டு. வளர்ச்சித் திட்டம் என்ன என்று கேட்டால், "இந்த வருஷம் இன்னும் ஐம்பது வாடிக்கையாளர்" என்பார்கள். முதல் தவறே இதுதான். வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏற ஏற, கையில் நிற்கும் பணம் குறைந்துகொண்டே போகலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள ஒரு மளிகைக் கடையின் கணக்கை மாதம் 1,500 ராண்டுக்கு எடுக்கிறீர்கள். கணக்குப் பதிவு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாட் படிவம், இவ்வளவுதான் பேச்சு. மாதம் ஆறு மணி நேர வேலை என்றால் மணிக்கு 250 ராண்ட். அப்புறம் ஒரு போன்: "அண்ணா, அந்த ஈஎம்பி501 மட்டும் கொஞ்சம் பார்த்து விடுங்களேன்." ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரிக்கு முதலாளி காட்ட வேண்டிய கணக்குப் படிவம் அது. கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்ற விவரத்தை கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான சிஐபிசியில் பதிய வேண்டும் என்று 2023இல் விதி வந்தது. அதுவும் உங்கள் தலையில். நேரம் சராசரியாகப் பத்து மணியாகிறது, கட்டணம் அதே 1,500. இப்போது மணிக்கு 150 ராண்ட். உதவியாளர் சம்பளம், மென்பொருள், வாடகை எல்லாம் போக என்ன மிஞ்சும்? இதே மாதிரி ஐம்பது பேரைச் சேர்த்தால் தூக்கம் கெடுவதுதான் மிச்சம்.

ஆகவே எது கட்டணத்தில் சேரும், எது சேராது, கூடுதல் வேலைக்கு எவ்வளவு என்று முதலிலேயே கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சொந்தக்காரர், கோயில் கமிட்டியில் கூட இருப்பவர் என்றால் கட்டாயம் வாங்குங்கள். பின்னால் பணம் கேட்கும்போதுதான் மனசு புண்படும். முன்னால் எழுதிக்கொண்டால் உறவும் தப்பும்.

அடுத்தது, எல்லா வேலையும் முதலாளியின் கைபேசி வழியாகவே போவது. ஆகஸ்ட் கடைசியில் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும், ஜூலையில் திறந்த தனிநபர் வரிப் படிவங்களும் குவிந்திருக்கும். அந்த நேரத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் நீங்களே பதில் சொன்னால், எத்தனை பேரை வேலைக்கு வைத்தாலும் அலுவலகம் உங்கள் ஒருவர் அளவுக்கு மேல் வளராது. புது வாடிக்கையாளரை முதல்முறை பார்க்கப் போகும்போதே உதவியாளரையும் அழைத்துப் போங்கள். "இனிமேல் தம்பியிடமே கேளுங்கள்" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

எல்லோருக்கும் எல்லாம் செய்வதும் வேண்டாம். டர்பன் துறைமுகத்தை நம்பி சரக்குகளுக்குச் சுங்க வேலையை முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜெண்டுகள், ஏற்றுமதிக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஏற்றுமதிக்கு வாட் பூஜ்யம் என்றாலும், அதைக் காட்டும் ஆவணங்கள் சரியாக இருக்க வேண்டும். அந்த நுணுக்கம் தெரிந்தவருக்கு அவர்கள் தயங்காமல் நல்ல கட்டணம் கொடுப்பார்கள் என்பது என் எண்ணம். அதற்காக வருமானத்தில் பாதியை ஒரே வாடிக்கையாளரிடம் வைத்துவிடாதீர்கள். அவர் போனால் சம்பளம் போடவே திண்டாட்டம்.

போன் எண் பட்டியலை விலைக்கு வாங்கி விளம்பரச் செய்தி அனுப்புவதும் தவறு. தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டப்படி, வாடிக்கையாளர் அல்லாதவருக்கு அவர் சம்மதம் இல்லாமல் அப்படி அனுப்பக் கூடாது. சம்மதம் கேட்பதற்கே ஒருமுறைதான் அணுகலாம். உங்கள் வேலையில் திருப்தியான வாடிக்கையாளரிடம், அவரைப் போல வேறு யாரையாவது தெரியுமா என்று நேராகக் கேளுங்கள்.

இதையெல்லாம் யோசிக்க மார்ச், ஏப்ரல் வசதியான மாதங்கள். பிப்ரவரி கடைசியில் வரும் முன்கூட்டிய வரி நெருக்கடி முடிந்திருக்கும், ஜூலைப் படிவங்கள் இன்னும் வந்திருக்காது. வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே போன வருஷம் செலவான மணி நேரத்தையும் வந்த பணத்தையும் எழுதுங்கள். மணிக் கணக்கில் மிகக் குறைவாகத் தரும் பத்துப் பேருக்குப் புதிய கட்டணக் கடிதம் முதலில் போகட்டும்.