ராமேஸ்வரம் போகும் வழியில் அரியமான் கடற்கரை

குழந்தைகளோடு ராமேஸ்வரம் போகிறவர்கள் அரியமானைத் தவறவிடாதீர்கள். ராமநாதபுரத்திலிருந்து வரும்போது, பாம்பன் பாலத்துக்கு முன்பே, உச்சிப்புளி தாண்டி இடதுபக்கம் திரும்ப வேண்டும். பாக் விரிகுடாக் கரை என்பதால் ஆழம் குறைவு, அலையும் சின்னது. மீனவர்கள் இந்தப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல்.

ஆனால் ஐப்பசி தொடங்கி வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் இதே கடல் கொந்தளிக்கும். அப்போது கால் நனைப்பதோடு சரி. கோடை விடுமுறைதான் தோது. வெயில் ஏறினால் சவுக்குத் தோப்பு நிழலுக்கு வந்துவிடலாம்.

கரையில் பழுப்பாக, நாடா நாடாகக் கிடப்பதைக் குப்பை என்று நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். அது கடற்புல், கடற்பசுவின் சாப்பாடு. பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள். அப்புறம், குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.