மேயருக்கு எழுதுவதற்கு முன் நகரச் சாசனத்தைப் படியுங்கள்

அமெரிக்காவில் குடியேறிய முதல் ஆண்டில் எங்கள் தெருமுனை விளக்கு அணைந்துபோனது. பெரியவரிடம் சொன்னால் காரியம் நடக்கும் என்ற பழக்கத்தில் நேரே மேயருக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து மரியாதையான பதில் வந்தது, விளக்கு எரியவில்லை. அடுத்து எங்கள் பகுதியின் நகர மன்ற உறுப்பினரைப் பார்த்தேன். "பராமரிப்பு ஊழியர்களுக்கு நான் உத்தரவிட முடியாது. உத்தரவிட்டால் சாசனத்தை மீறியவன் ஆவேன்" என்றார். தட்டிக்கழிக்கிறார் என்று மனம் கசந்து வீடு திரும்பினேன். அன்றிரவு நகரத்தின் இணையதளத்தில் சாசனத்தைத் தேடிப் படித்தேன். அவர் சொன்ன தடை அதில் ஒரு தனிப் பிரிவாகவே இருந்தது.

நாட்டுக்கு அரசியலமைப்புச் சட்டம் எப்படியோ, நகரத்துக்குச் சாசனம் அப்படி. இங்கே இதை 'சிட்டி சார்ட்டர்' என்பார்கள். மேயருக்கு எவ்வளவு அதிகாரம், வரவு செலவுத் திட்டத்தை யார் தயாரிப்பது, காவல்துறைத் தலைவரை யார் நியமிப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்லா ஊருக்கும் சாசனம் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்க அரசியலமைப்பில் நகரங்களைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அவற்றுக்கு உயிர் கொடுப்பது மாநிலம்தான். மாநிலம் தந்த அதிகாரம் மட்டுமே நகரத்துக்கு உண்டு என்று 1868-இல் அயோவா நீதிபதி ஜான் டில்லன் எழுதியது இன்றும் பல மாநிலங்களில் செல்லுபடியாகிறது. நகர மக்களே தங்கள் சாசனத்தை எழுதிக்கொள்ளலாம் என்ற உரிமையை 1875-இல் மிசௌரி மாநிலம் முதலில் தந்தது. டெக்சாஸில் மக்கள்தொகை 5,000-ஐத் தாண்டிய ஊர்தான் அப்படி எழுதிக்கொள்ள முடியும். கலிபோர்னியாவில் பெரும்பாலான நகரங்கள் மாநிலத்தின் பொதுச் சட்டப்படியே நடக்கின்றன. நியூ ஜெர்சியில் 1950-ஆம் ஆண்டின் ஃபாக்னர் சட்டம் சில ஆட்சி வடிவங்களை ஆயத்தமாக வைத்திருக்கிறது. நகராட்சி அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

அதனால் அடுத்த ஊர் நண்பர் சொல்லும் யோசனை உங்கள் ஊருக்குப் பொருந்தாமல் போகலாம். டெக்சாஸில் நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் டாலஸையும் ஹூஸ்டனையும் பாருங்கள். ஒரே மாநிலம், ஆனால் ஆட்சி அமைப்பு வேறு வேறு. டாலஸ் நகர மன்றத்தில் 14 பகுதி உறுப்பினர்கள், மேயர், ஆக 15 வாக்குகள். மேயருக்கும் ஒரே வாக்குதான். துறைகளை நடத்துபவர் மன்றம் வேலைக்கு அமர்த்தும் சிட்டி மேனேஜர். நம் மாநகராட்சி ஆணையரைப் போன்றவர் என்று தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் ஆணையரை மாநில அரசு அனுப்புகிறது. இங்கே மேனேஜரை அமர்த்துவதும் நீக்குவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே. ஹூஸ்டனில் மேனேஜர் கிடையாது. மேயரே நிர்வாகத் தலைவர். துறைத் தலைவர்களை அவர் நியமிக்க, மன்றம் ஒப்புதல் தரும். மன்றத்தின் நிகழ்ச்சி நிரலும் நெடுங்காலம் அவர் கையிலேயே இருந்தது. மூன்று உறுப்பினர்கள் சேர்ந்தால் ஒரு பொருளை நிரலில் வைக்கலாம் என்று 2023-இல் வாக்காளர்கள் சாசனத்தைத் திருத்தினார்கள். அங்கே கணக்குக்கென்று தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் கன்ட்ரோலர் இருக்கிறார். பணம் இருக்கிறது என்று அவர் சான்று தராமல் செலவு நகராது.

மேனேஜர் முறை எப்படி வந்தது என்று தெரிந்தால் அந்தத் தடைப் பிரிவின் நியாயமும் புரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல நகரங்களில் கட்சித் தலைவர்கள் வேலையையும் ஒப்பந்தத்தையும் தங்கள் ஆட்களுக்கே பங்கிட்டார்கள். அதை உடைக்க, அரசியல் சாராத தொழில்முறை நிர்வாகி வேண்டும் என்ற குரல் எழுந்தது. வர்ஜீனியாவின் ஸ்டான்டன் நகரம் 1908-இல் இந்தப் பதவியை உருவாக்கியது. ஒஹையோவின் டேட்டன் நகரம் 1913 வெள்ளத்தில் சிதைந்து, அதே ஆண்டு இந்த முறையைத் தன் சாசனத்தில் ஏற்றபோது நாடே கவனித்தது. மன்ற உறுப்பினர் ஊழியருக்கு நேரடியாக உத்தரவிடக் கூடாது, எதுவானாலும் மேனேஜர் வழியாகவே போக வேண்டும் என்ற விதி இப்படித்தான் சாசனங்களில் நிலைத்தது. சிபாரிசால் வேலை நடக்காமல் இருக்கவே அந்த வேலி. நம் ஊரில் சிபாரிசு இல்லாமல் நின்று அலுத்தவர்கள் இதை மதிப்பார்கள் என்று நம்புகிறேன்.

சரி, அப்படியானால் யாரிடம் போவது? குழி, விளக்கு, குப்பை போன்ற ஒற்றைக் குறைகளுக்கு 311 என்ற புகார்த் தொலைபேசி எண் உள்ள நகரமானால் அந்த எண், இல்லையேல் அந்தந்தத் துறை. புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விளக்குக் கம்பத்தில் பெரும்பாலும் ஒரு சிறு தகடு இருக்கும். அதிலுள்ள எண்ணைக் குறித்துச் சொன்னால் ஊழியர் தெருத் தெருவாகத் தேட வேண்டியதில்லை. எங்கள் விளக்கு அந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் எரிந்தது. வாரக் கணக்கில் பதில் இல்லையென்றால், புகார் எண்ணோடு மன்ற உறுப்பினரிடம் போங்கள். அவர் உத்தரவிட முடியாது, ஆனால் மேனேஜரிடம் கேள்வி கேட்க முடியும். நூலக நேரத்தைக் கூட்டுவது, வேகத்தடைக்கு நிதி ஒதுக்குவது போன்ற கொள்கை விஷயங்களுக்கு மன்றமே சரியான இடம்.

நியூயார்க் தனி உலகம். 51 உறுப்பினர் மன்றம், வலுவான மேயர், தனியாகத் தேர்வாகும் கணக்கு அதிகாரி. மன்றத்தின் முடிவை மேயர் நிராகரிக்கும் வீட்டோவை மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் மன்றம் முறியடிக்கலாம். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் 2024 வரை மன்ற உறுப்பினர்களே ஆளுக்குச் சில துறைகளை நடத்தினார்கள். அதை மாற்ற 2022-இலேயே மக்கள் வாக்களித்திருந்தார்கள்.

மற்ற அதிகாரிகளில் சிட்டி கிளார்க்கை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பெயரைக் கேட்டு எழுத்தர் என்று நினைக்க வேண்டாம். கூட்ட நிரல், தீர்மானங்கள், பல ஊர்களில் தேர்தல் வேலையும் அவர் பொறுப்பு. புதியவர் போய்க் கேட்க இதைவிடப் பொறுமையான கவுன்டரை நான் கண்டதில்லை. சிட்டி அட்டார்னி நகரத்தின் வழக்கறிஞர், உங்களுடையவர் அல்ல. உங்கள் வாடகைச் சிக்கலுக்கு அவர் ஆலோசனை தர மாட்டார். பள்ளியும் சொத்து வரி மதிப்பீடும் பெரும்பாலான இடங்களில் சாசனத்துக்கு வெளியே, பள்ளி மாவட்டத்திடமும் மாநிலத்தின் உட்பிரிவான கவுன்டியிடமும் இருக்கின்றன.

மன்றக் கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. கலிபோர்னியாவில் 1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். பொதுமக்களைப் பேச விட வேண்டும். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடம் தருவார்கள். மேடைமுன் சிறு விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாகி, சிவப்பானதும் நிறுத்த வேண்டும். கோரிக்கையை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். நிரலில் இல்லாத பொருளைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொள்வார்கள், முடிவெடுக்க மாட்டார்கள். அது அவமதிப்பு அல்ல. சட்டம் அவர்களை அப்படிக் கட்டியிருக்கிறது.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் வாக்காளராகப் பதியவே கூடாது. ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது படிவத்திலோ திரையிலோ வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்பார்கள். அவசரத்தில் 'ஆம்' என்று தொட்டுவிட்டால் பின்னாளில் குடியுரிமை மறுக்கப்படலாம், நாடு கடத்தலில்கூட முடியலாம். மேரிலாந்தின் டகோமா பார்க் போன்ற சில ஊர்களே குடிமக்கள் அல்லாதவர்களை உள்ளூர்த் தேர்தலில் அனுமதிக்கின்றன; அங்கும் வழக்கறிஞரைக் கேட்காமல் பதிய வேண்டாம்.

வாக்கில்லாதவருக்கும் வேறொரு கதவு திறந்திருக்கலாம். நூலகம், பூங்கா, திட்டமிடல் என்று நகரங்களில் ஆலோசனைக் குழுக்கள் உண்டு. சான் பிரான்சிஸ்கோ 2020-இல் சாசனத்தைத் திருத்தி, குழு உறுப்பினர் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. உங்கள் ஊர்ச் சாசனம் 'பதிவுபெற்ற வாக்காளர்' என்கிறதா, 'நகரவாசி' என்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதானால் காலியிடப் பட்டியலும் விண்ணப்பமும் சிட்டி கிளார்க் அலுவலகத்தில் கிடைக்கும்.