பழைய ஜீப் தூக்கிப் போடுகிறதா? ஷாக் அப்சார்பரை விடுங்கள், ஷேக்கிளைப் பாருங்கள்

"ஜீப் என்றால் அப்படித்தான் தூக்கிப் போடும்" என்று மஹிந்திரா எம்எம் 540, சிஜே வைத்திருப்பவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நான் இதை ஒத்துக்கொள்வதில்லை. என்னுடைய 540, போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. வாங்கிய புதிதில் சின்னப் பள்ளத்துக்கே இடுப்பு கழன்றுவிடும். இப்போது அம்மா பின்னால் உட்கார்ந்து குரங்கணி வரை வந்து போகிறார். புது ஷாக் போடவில்லை. வண்டியைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டைகள் (லீஃப் ஸ்பிரிங்) அசைய முடியாமல் தடுத்தவற்றை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

படி 1: அளவு

வண்டி காலியாக, சமதரையில் நிற்கட்டும். டயரில் லோடுக்கு அடித்த காற்று இருந்தால் குறையுங்கள். நான்கு மூலையிலும் ஆக்ஸிலிலிருந்து சேஸிஸ் வரை உயரம் எழுதி வையுங்கள். நான்கு ஷேக்கிளையும் (பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு சேர்க்கும், ஆடக்கூடிய இணைப்பு) பக்கவாட்டில் படம் எடுங்கள். இந்தப் படங்கள் பிறகு தேவைப்படும்.

படி 2: கூடுதல் பட்டை

ஆள், மூட்டை ஏற்றிய வண்டிகளில், பட்டைகளை அடுக்கிய ஒவ்வொரு கட்டுக்கும் ஒன்றிரண்டு பட்டை சேர்த்திருப்பார்கள். தடிமன், துரு, முனை வெட்டிய விதம் மற்றதோடு ஒட்டாது, பார்த்தாலே தெரியும். பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 6 மில்லிமீட்டர் பட்டையைவிட 8 மில்லிமீட்டர் பட்டை இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பு. அதனால் ஒன்றை எடுத்தாலே வித்தியாசம் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எடுங்கள். மெயின் பட்டையையும் அதன் கண்ணை (போல்ட் நுழையும் சுருண்ட முனை) தாங்கும் இரண்டாம் பட்டையையும் தொடவே கூடாது.

படி 3: பிரித்துச் சுத்தம் செய்வது

சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். பட்டைக்கட்டு கீழே இறங்கியதும் சி-கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, அப்புறம் பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் பட்டைகள் தெறிக்கும்.

பிரித்த பட்டையைத் திருப்பிப் பாருங்கள். கீழ்ப்பட்டையின் முனை உரசி உரசி மேல்பட்டையில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். விரலை ஓட்டினால் படிக்கட்டு மாதிரி தட்டும். முனை அந்தப் படியில் சிக்கிக்கொள்வதால் சின்ன மேடுகளில் கட்டு அசைவதே இல்லை. அதிர்ச்சி முழுவதும் உடம்புக்கு வருகிறது. முனைகளின் கூர்மையைக் கிரைண்டரில் மழுக்குங்கள், துருவை வயர் பிரஷ்ஷில் எடுங்கள், முனைகள் உரசும் இடத்தில் மட்டும் கிராஃபைட் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அது வழிந்து கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷை ஊற வைத்துக் கெடுக்கும், புழுதியையும் பிடிக்கும்.

படி 4: ஷேக்கிள் கோணம்

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாத இடம் இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

வளைந்த பட்டை அமுங்கும்போது நிமிர்கிறது, நிமிரும்போது நீள்கிறது. அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பதுதான் ஷேக்கிளின் வேலை. ஷேக்கிளின் கீழ்முனை, பட்டையின் மறுமுனையில் இருக்கும் நிலையான கண்ணிலிருந்து விலகி வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால், பட்டை நீளும்போது அது சுலபமாக வெளியே ஆடும், ஆடும்போதே மேலேறும். சவாரி மெத்தென்று இருக்கும்.

உள்பக்கம் சாய்ந்திருந்தால் கதையே வேறு. கீழ்முனை முதலில் இன்னும் கீழே இறங்கித்தான் வெளியே வர வேண்டும். அதாவது பள்ளத்தில் அமுங்க வேண்டிய நேரத்தில் ஷேக்கிள் வண்டியை மேலே தள்ளுகிறது. புதுப் பட்டை போட்டபின் வண்டி இன்னும் மோசமாகிவிட்டது என்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வளைவு அதிகமான பட்டை நீளத்தில் குறுகி, ஷேக்கிளை உள்ளே இழுத்துவிடுகிறது. பட்டை அடிக்கும் பட்டறையில் வளைவைக் குறைத்து வாங்குங்கள்.

காலி வண்டியில் செங்குத்திலிருந்து 20 முதல் 30 டிகிரி வெளிச்சாய்வு நல்லது. மொபைலில் இருக்கும் லெவல் ஆப் போதும். ரொம்பவும் சாய்ந்திருந்தால் முழுதாக அமுங்கும்போது ஷேக்கிள் சேஸிஸில் முட்டும், அதையும் பாருங்கள்.

உயரம் வேண்டும் என்று நீளமான ஷேக்கிள் மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2 அங்குலம் நீட்டினால் வண்டி 1 அங்குலம்தான் உயரும். இந்த ஜீப்புகளில் முன்பக்க ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கிறது. 36 அங்குல நீளமுள்ள பட்டையின் ஒரு முனை 2 அங்குலம் இறங்கினால் ஆக்ஸில் 3 டிகிரி முன்னால் உருளும். வில்லிஸ் காலத்துக் கேஸ்டரே (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) 3 டிகிரிதான், மொத்தமும் போய்விடும். ஸ்டியரிங் நேராகவே நிற்காது. ஏற்கெனவே மாட்டியிருந்தால் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் எஃகு ஆப்பு வைத்துக் கேஸ்டரை மீட்கலாம். அலுமினிய ஆப்பு நசுங்கும், உடையும், வேண்டாம்.

படி 5: முறுக்குவது

ரப்பர் புஷ் உள்ள கண் போல்ட்டுகளை வண்டி தூக்கி நிற்கும்போது முழுதாக முறுக்காதீர்கள். விரலால் மட்டும் மாட்டி, சக்கரம் போட்டு இறக்கி, நாலு முறை பம்பரை அமுக்கி, வண்டி தன் உயரத்துக்கு வந்தபின் முறுக்குங்கள். தொங்கும் நிலையில் முறுக்கினால் நிற்கும்போதே ரப்பர் திருகிக்கொண்டிருக்கும். அதுவே ஒரு ஸ்பிரிங்காகி விறைப்பைக் கூட்டும், சீக்கிரம் கிழியும். பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ-போல்ட் புதிதாகப் போட்டு, குறுக்கு வரிசையில் முறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும். அது தளர்ந்தால் பட்டை சென்டர் ஓட்டையில்தான் உடையும்.

பின்சேர்க்கை: முன் ஷேக்கிளைப் பின்முனைக்கு மாற்றலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மாற்றினால் கல்லில் மோதும் ஆக்ஸில் பின்னால் ஒதுங்கும். அதனால் சவாரி மென்மையாகும். ஆனால் முன் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் ஸ்லிப் ஜாயின்ட் (நீண்டு குறுகும் இணைப்பு) அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும், பிரேக் போட்டால் மூக்கும் கூடுதலாக இறங்கும். முதல் ஐந்து படிகளை முடித்துவிட்டு யோசியுங்கள்.

இன்னொன்று: பழைய யூ வடிவ, மரை (திரெட்) உள்ள இரும்பு ஷேக்கிள் இருப்பவர்களுக்குப் படி 5-இன் ரப்பர் விஷயம் பொருந்தாது. அதற்குக் கிரீஸ்தான் உயிர். நிப்பிளில் அடித்தும் கிரீஸ் வெளியே வரவில்லையென்றால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கழற்றும்போது மரை வலமா இடமா என்று பார்த்துத் திருப்புங்கள். சிலவற்றில் ஒரு முனை இடமரையாக இருக்கும்.