கடலில் சோதனை மிதவை விடும் முன் எழுத வேண்டிய சூழல் பக்கம்

ஆய்வு நெறிமுறைக் குழுவின் படிவம் பெரும்பாலும் மனிதர்களிடம் ஒப்புதல் வாங்கியாயிற்றா, விலங்குகளுக்குத் துன்பம் உண்டா என்றுதான் கேட்கும். கடலைப் பற்றிக் கேட்காது. மண்டபம், பாம்பன், தொண்டிக் கரையில் புதுப் பாசி ரகமோ மிதவைக் கருவியோ சோதிக்க வருபவர்கள் தாங்களாகவே ஒரு பக்கம் எழுதிச் சேர்க்க வேண்டும்.

முதலில் எழுத வேண்டியது: போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா? கப்பாபைகஸ் பாசி வெளியிலிருந்து வந்தது. அதற்கு விதை தேவையில்லை. ஒடிந்த துண்டு ஒதுங்கிய இடத்திலேயே தழைத்துவிடும். மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் பவளத்தில் அது படர்ந்தது 2008-ல் பதிவானது. பாய் விரித்தாற்போல் மூடிக்கொண்டால் வெளிச்சமின்றி அடியிலுள்ள பவளம் செத்துப்போகும். கையால் பிய்த்தாலும் இடுக்கில் தங்கிய துண்டு மறுபடி துளிர்க்கும். 'எடுக்க முடியாது' என்பதுதான் பதிலென்றால் கரைத் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடலில்தான் என்றால், 3 மீட்டர் சதுர மூங்கில் மிதவையில் ஏறக்குறைய 60 கிலோ விதைப்பாசி (வளர்ப்பதற்கான பாசித் துண்டுகள்) கட்டி 45 நாளில் அறுப்பது வழக்கம். மீன் கடிக்காமலிருக்க அடியில் கட்டும் வலையில் ஒடிந்த துண்டுகளும் ஓரளவு தங்கும். வாரம் ஒருமுறை இறங்கிக் கிழிசலைத் தையுங்கள். நங்கூரத்தை மணல் தரையில் மட்டும் இறக்குங்கள். கடற்புல்லில் இழுபட்டால் ஆவுளியா (கடற்பசு) மேயும் இடம் வேரோடு போகும்.

நிதியாண்டுக் கணக்கில் திட்டமிட்டுச் சோதனையை அக்டோபருக்குத் தள்ளுவது பெரிய தவறு. வாடைக் காற்றில் பாக் விரிகுடா பக்கம் கயிறு அறுந்துபோகும். தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடா பக்கம் அப்படி.

அங்குள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் போகக்கூடாது. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை 1972 வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை; மாதிரிக்காக ஒன்றை எடுப்பதற்கும் அனுமதி வேண்டும்.

பாசி எடுக்கும் பெண்களிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். விரலில் துணி சுற்றி, காலில் தட்டு கட்டி மூழ்குபவர்கள் அவர்கள். எந்தப் பாறை போன வருஷம் சுத்தமாக இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும். சோதனைக்கு முன்பே அவர்கள் காட்டும் பாறைகளில் 1 மீட்டர் அளவுச் சட்டகம் வைத்துப் படமெடுங்கள். மிதவையை எடுத்த பிறகு அதே இடங்களில் மறுபடி எடுங்கள். அவர்களின் அந்த நாள் கூலியைத் திட்டச் செலவிலேயே காட்டுங்கள்.

கடைசியாக, அகற்றும் செலவு. படகு வாடகை, முக்குளிப்பவர் கூலி, கயிறு, பேட்டரி கரையேற்றம் ஆகியவற்றுக்குத் தனித் தலைப்பில் பணம் ஒதுக்கி, திட்டம் முடிந்த பின் 2 ஆண்டுகள் யார் பொறுப்பு என்று பெயரோடு எழுதுங்கள்.